போதும் என்று எழுதிய சித்தப்பா

பதினொரு வயதில், பள்ளிக்கூட விவாதப் போட்டியில் வெல்வதற்காக, சித்தப்பாவின் கதையில் பாதியை நான் வெட்டி எறிந்தேன்.

அப்பாவின் தம்பியான அவர் மின்பொறியியலாளர். சிம்பாப்வேயில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பல வருடம் வேலை செய்தவர். மெல்பேர்ணில் அவருடைய பட்டத்தை எவரும் கணக்கில் எடுக்காததால், டண்டினொங்கில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டு, கிளென் வேவர்லியில் எங்களோடு இருந்தார்.

விவாதத் தலைப்பு: மின்சாரம் இல்லாத ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குச் சூரிய ஒளி மட்டுமே போதும். எங்கள் அணி 'போதும்' என்று பேசவேண்டும். வீட்டிலேயே ஆப்பிரிக்கா இருக்க நான் ஏன் கூகிளில் தேடவேண்டும்? ஒரு ஞாயிறு பின்னேரம் கொப்பியோடு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

மண்ணெண்ணெய் விளக்கில் நடந்த ஒரு கிளினிக்கின் கூரையில் நாலு சோலர் பனல் பூட்டியதைச் சொன்னார். மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி குளிர்கிறதா என்று அங்கிருந்த நேர்ஸ் நம்பாமல் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாராம். நான் வேகமாக எழுதிக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை.

"மழைக்காலத்தில என்ன செய்யிறதெண்டு அந்த நேர்ஸ் கேட்டவா. நிலக்கரியில ஓடுற பெரிய கரண்ட் லைன் ஒண்டு கிட்டத்தான் போகுது, அதில இருந்து இழுத்துத் தாங்கோ எண்டு ஊர்ச்சனமும் கேட்டது. எங்கட நிறுவனத்துக்கு நிலக்கரி எண்டால் ஆகாது. சோலர் போதும் எண்டு நான்தான் அறிக்கை எழுதிக் குடுத்தனான்."

மறுவருடம் மழை விடாமல் பெய்திருக்கிறது. பற்றரி இறங்கி, தடுப்பூசி மருந்தெல்லாம் கெட்டுப்போய்விட்டது. அது தெரியாமலே பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். பிறகு அந்த ஊருக்குச் சின்னமுத்து என்ற அம்மை நோய் வந்தது.

"நேர்ஸ் எனக்கொரு கடிதம் போட்டவா. ஒரு வார்த்தை ஏசேல்லை. செத்த பிள்ளையளின்ர பேரை மட்டும் எழுதியிருந்தா."

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். "அப்ப நிலக்கரிதான் நல்லதா, சித்தப்பா?"

"அந்தப் புகையும் ஆக்களைக் கொல்லும், பிள்ளை. ஆனா அந்தச் சனம் கேட்டதை நான் காதில போடேல்லை."

இது எந்த அணிக்கும் உதவாத பதில் என்று நினைத்தேன். கொப்பியை மூடிவிட்டேன்.

போட்டியன்று வேலைக்கு லீவு போட்டு, வெள்ளைச் சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் இருந்தார். கூரை, நாலு பனல், நேர்ஸின் சிரிப்பு எல்லாவற்றையும் ஒன்றும் குறையாமல் சொன்னேன். மழையைச் சொல்லவில்லை. அந்த எஞ்சினியர் இதோ இருக்கிறார் என்று கையைக் காட்டியபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நடுவராக இருந்த ரீச்சர், உண்மையிலேயே அது போதுமாக இருந்ததா என்று அவரிடமே கேட்டுவிட்டார்.

சித்தப்பா எழும்பினார். முன்னால் இருந்த கதிரையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் தலையை மெல்ல ஆட்டினேன், ஓம் என்று சொல்லுங்கோ என்பதுபோல.

"ஓம், போதுமாக இருந்தது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கைதட்டினார்கள். நாங்கள் வென்றோம்.

காரில், நான் எப்படிப் பேசினேன் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "களைப்பு" என்றார். ஒரு பாராட்டுக்கூடச் சொல்லவில்லையே என்று வீடு வரும்வரை முகத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஆசையாகப் போட்டுக்கொடுத்த சாப்பாட்டை அன்று அவர் தொடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் ஆப்பிரிக்கா என்ற பேச்சை எடுக்கவேயில்லை.

இப்போது அவர் சிட்னியில் இருக்கிறார். இரண்டு தடவை போனில் நானாகவே அந்தக் கதையைத் தொடங்கினேன். "அண்டைக்கு நீ வடிவாப் பேசினனி" என்று சொல்லிவிட்டு என் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்.

அந்த ஞாயிறு பின்னேரம் முதல் பாதியை அவர் சொன்னதே, அதுவரை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்த இரண்டாம் பாதிக்கு வந்து சேரத்தான் என்பது பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை.