மாமியுடன் பனிமூட்டத்துக்குள்: வெள்ளவத்தையிலிருந்து நுவரெலியா

தை மாதத்தில் நுவரெலியாவுக்குக் காரில் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போகலாம். ஆனால் பனிமூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். நான் அதைப் படித்தது யுத்தம் திரும்பவும் தொடங்கியிருந்த காலத்தில், என் மாமியாரோடு போன ஒரு பயணத்தில்.

மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் எங்களோடு இருந்தார். கனடாவில் இருக்கும் மகளிடம், அதாவது என் மச்சாளிடம், போக விசா கிடைத்துவிட்டது. அடுத்த கிழமை விமானம். அவருடைய பயமெல்லாம் குளிர்தான். போகமுதல் உறைபனியை ஒருதடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். என் கணவருக்கு லீவு இல்லை. நான் ஓட்டுகிறேன் என்றதும் மாமியின் முகம் மாறியது. அதுவரை அவர் என் காரில் ஏறியதே இல்லை.

அவிசாவளை, ஹட்டன் வழியாக ஏறக்குறைய 170 கிலோமீற்றர். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். முன்சீட் வேண்டாமென்று மாமி பின்னால் ஏறிக் கந்தசஷ்டி கவசம் சொல்லத் தொடங்கினார். கினிகத்தேனை வரை நிறுத்தவில்லை. வழியில் நான்கு சோதனைச்சாவடிகள். ஹட்டனில் சாப்பிட்டபோது ஒரு மணி தாண்டிவிட்டது.

தலவாக்கலை கழிந்து கொஞ்சத் தூரத்தில் மூட்டம் இறங்கியது. பெரிய லைட்டைப் போட்டேன். முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. வெளிச்சத்தைத் தாழ்த்திச் சின்ன லைட்டுக்கு மாற்றியதும் ரோட்டு நடுக்கோடு மங்கலாக வந்தது. கண்ணாடிகளை இறக்கினேன், எதிரே வரும் வாகனத்தைக் கண்ணுக்கு முன் காது பிடித்துவிடும். நடுக்கோட்டை நான் பார்க்கிறேன், இடப்பக்க ஓரத்துத் தண்ணீர்க் கானை நீங்கள் பாருங்கள் என்று மாமியிடம் சொன்னேன். கவசம் நின்றது. தலையை வெளியே நீட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

திடீரென முன்னால் சிங்களத்தில் ஓர் அதட்டல் கேட்டது. பிறேக்கை அழுத்தினேன். தடைக்கம்பம் காரின் பொனற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சோதனைச்சாவடியில் முன்லைட்டை அணைத்து உள்லைட்டைப் போடவேண்டும், அது அப்போதைய விதி. அணைத்தால் பின்லைட்டும் அணைந்துவிடும், பின்னால் வருகிறவன் எங்களைக் காணமாட்டான். சிக்னல் நான்கையும் மின்னவிட்டு, உள்லைட்டைப் போட்டுவிட்டு, கைகளை ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டேன்.

ஆமிக்காரர் அடையாள அட்டைகளை வாங்கினார். மாமியினதில் யாழ்ப்பாண முகவரி. எங்கே போகிறீர்கள், ஏன் என்று கேட்டார். உறைபனி பார்க்க என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் நம்பவில்லை. அட்டையோடு உள்ளே போய்விட்டார். மறித்து வைத்தால் விமானம் தவறிவிடும் என்பதுதான் என் மனதில் ஓடியது.

மாமி பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தார். "பயப்பிடாதேயும். நீர் நல்லாத்தான் ஓடுறீர்."

கலியாணமாகி இரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

உள்ளேயிருந்து அவருக்கு மேலதிகாரி ஒருவர் வந்து மாமியிடம் நேரே சிங்களத்தில் ஏதோ கேட்டார். மாமிக்குச் சிங்களம் தெரியாது. உள்ளங்கைகளை உரசி, தோளைக் குறுக்கி, "ஐஸ், கனடா" என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். அட்டையைத் தந்துவிட்டு, அடுத்த வளைவு பொல்லாதது, மூட்டம் விலகும்வரை இங்கேயே நில்லுங்கள் என்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம்.

மறுநாள் விடியற்காலை விடுதிப் புல்வெளியெங்கும் உப்புத் தூவியதுபோல் உறைந்து கிடந்தது. மாமி கொஞ்சம் கிள்ளி எடுத்தார்; விரலிலேயே கரைந்தது.

"அங்கை ரோட்டெல்லாம் இப்பிடித்தானோ?"

"இதைவிடக் கனக்க இருக்கும் மாமி. மச்சாள் பழகியிருப்பா."

"அவள் உம்மை மாதிரி மெதுவா ஓடமாட்டாள், பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது சோதனைச்சாவடிகள் இல்லை, மூட்டம் அப்படியே இருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு முன் நானுஓயாவைத் தாண்டிவிடுங்கள். சின்ன லைட் போதும். முன்னால் போகிறவரின் பின்லைட்டை நம்பி ஒட்டிப் போகாதீர்கள், அவர் கானுக்குள் போனால் நீங்களும் போவீர்கள். காலையில் உறைந்த கண்ணாடிக்குச் சுடுதண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். எஞ்சினை ஓடவிட்டுத் துணியால் துடையுங்கள். நிழல் விழும் வளைவுகளில் சடாரென்று பிறேக் பிடிக்காதீர்கள். மெதுவாகப் போவதைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும். உங்களை நம்பி ஏறியவர் அதையும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.