தேதி இருக்கும் பக்கம்

அன்று மருந்துக்கடையில் இருந்தவர்கள்: மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்த அம்மா. அவரை வண்டியில் கூட்டிவந்த மருமகள். இருமல் மருந்துக்கு நின்ற பஸ் கண்டக்டர். பையை மடியில் வைத்துக் காத்திருந்த மருந்துக் கம்பெனிக்காரர். கல்லாவில் சின்ன முதலாளி. கவுண்டருக்கு உள்ளே நான்.

ரத்தக் கொதிப்பு மாத்திரை. தேதி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

“கண்ணு தெரியாமக் குடுத்துப்போட்டா. இத்தன வருசம் இருந்து என்ன பிரயோசனம்?” என்றார் சின்ன முதலாளி. என் பக்கம் திரும்பி, “நாளையிலிருந்து வராத” என்றார்.

கொடுத்தது என் கைதான்.

பெருந்துறைக்குப் பக்கத்தில் சின்ன ஊர். கடையை முதலில் வைத்தவர் ஒரு கம்பவுண்டர். அவருக்குப் பிறகு கடலைக்காய் மண்டி வைத்திருந்தவர் வாங்கினார். அவருக்கு மருந்து தெரியாது. மருந்துக்குப் படித்தவரைச் சம்பளத்துக்கு வைத்தார். மாத்திரை வெட்டிக் கொடுக்க என்னை வைத்தார். நான் படித்தது எட்டாவது. தோட்டங்காட்டில் கூலி வேலைக்குப் போன வீடு. எனக்கும் “வாங்க அம்மணி” என்றுதான் சொல்வார்.

அவர் கடையில் ஒரே சட்டம். அட்டையின் ஒரு முனையில் தேதி இருக்கும். மறுமுனையிலிருந்துதான் வெட்ட வேண்டும். பெட்டியில் மிஞ்சுகிற கடைசி மாத்திரையோடும் தேதி இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் வெட்டினேன்.

அவர் இறந்த பிறகு மகன், இந்தச் சின்ன முதலாளி, வந்தார். ஏசி வந்தது. கம்ப்யூட்டர் பில் வந்தது. என்னிடம் பேசும்போது மரியாதைக்குச் சொல்லும் ‘ங்க’ நின்றுபோனது. தேதி முடிந்த அட்டைகளைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவதும் நின்றது. மத்தியானம் நான் சாப்பிடப் போகும் நேரத்தில் அவரே தேதி முனையை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பெட்டியில் சேர்த்துவிடுவார். குப்பையில் அந்த முனைகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் சும்மா இருந்தேன். அது என் தப்பு. அந்த அம்மாவுக்குப் போனது அவர் வெட்ட மறந்த அட்டை.

வேறு மூன்று மெடிக்கலில் வேலை கேட்டேன். மூன்றாவது இடத்தில், “தேதி போனதைக் குடுத்தது நீங்கதானுங்களா?” என்றார்கள். அங்கிருந்து நேராக ஈரோடு பஸ் ஏறினேன்.

மருந்து இன்ஸ்பெக்டரிடம் அதிகம் பேசவில்லை. “பெட்டியைத் தொறந்து, வெட்டுன அட்டையை மட்டும் பாருங்க சார். தேதி முனை இருக்குதான்னு பாருங்க.”

அவர் கடைக்கு வந்த அன்று எதிர் பேக்கரியில் உட்கார்ந்து டீ குடித்தேன். பெட்டி பெட்டியாகக் கவுண்டர் மேல் கொட்டினார்கள். சின்ன முதலாளி என்னைப் பார்த்துவிட்டார். பார்க்கட்டும் என்றுதான் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றினார்.

“ஏனுங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க.”

“இந்த ‘ங்க’ எப்பப் பொறந்துச்சுங்க தம்பி?”

தலையைக் குனிந்துகொண்டார். “அப்பா வெச்ச கடைங்க்கா. தேதி முனைய வெட்டுனது நீங்கதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கடை தப்பிச்சுக்கும். உங்களுக்கும் வேலை இருக்குது.”

“கண்ணு தெரியாதவ எப்புடீங்க எழுதறது?”

எழுந்து போனார். தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். ஷட்டரில் காகிதம் ஒட்டினார்கள். என் வேலை திரும்பவில்லை. இப்போது ஒரு மில் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். மில்லுக்குப் போக எனக்குக் குறுக்கு வழி உண்டு. ஆனாலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அந்தக் கடை வழியாகவே போனேன். ஷட்டருக்கு முன்னால் நின்று, ஒட்டியிருந்த காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் நகர்வேன்.

அந்தக் காகிதம் ஒட்டியிருந்த நாற்பத்தொரு நாளும்.