பிள்ளை துள்ளிவிட்டதாம்

எங்கள் தெருவில் யாருக்காவது மூக்கு அடைத்துக்கொண்டது என்று தெரிந்தால் போதும், நாலு வீட்டிலிருந்தும் ஒரே பேச்சுத்தான் வரும்: "ஆவி புடி." தலை வலித்தாலும் ஆவி, தொண்டை கட்டினாலும் ஆவி. நாலு வயதில் என் தம்பி மகள் தொடையில் வெந்நீர் கொட்டிய நாளிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆவி மேல் எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. பொன்னமராவதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. நாள் முழுக்கத் துணித் தூசியும் ஏசிக் காற்றும்தான். அடிக்கடி மூக்கு அடைக்கும். அப்போதெல்லாம் வாயகன்ற பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றி மேசை மேல் வைத்து, முகத்தைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டு, தலைக்கு ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். மூக்கு விடும். சளி போய்விடாது, மூச்சு வரும், அவ்வளவுதான். அந்தச் சுகத்துக்காக நானும் பிடிக்கிறேன். ஆனால் நான் வளர்ந்தவள். சுட்டால் முகத்தை இழுத்துக்கொள்ளவும் துண்டைத் தூக்கி எறியவும் எனக்குத் தெரியும். என்னை யாரும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் செய்கிற முறையே வேறு. அடுப்பிலிருந்து இறக்கிய குண்டானைத் தரையில் வைப்பார்கள். உள்ளே நொச்சி இலையும் மஞ்சளும் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு பெரிய ஆள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குண்டானுக்கு முன்னால் உட்கார வேண்டும். இரண்டு பேர் மேலேயும் ஒரு கம்பளியைப் போட்டு மூடி, வெளியே இருக்கிற ஆள் கம்பளியின் ஓரத்தைத் தரையோடு அமுக்கிக்கொள்வார். ஆவி ஒரு பொட்டு வெளியே போகக் கூடாதாம். உள்ளே இருட்டிலும் புழுக்கத்திலும் பிள்ளை அலறும். "அழுகட்டும், அழுதாத்தான் சளி கரையும்" என்பார்கள். பிள்ளையின் அழுகையையே மருந்தாக்கி வைத்திருக்கிற ஊர் இது.

எங்கள் வீட்டில் நான், தம்பி மனைவி, அவள் மகள், இந்த மூன்று பேர்தான். தம்பி சவூதியில் லாரி ஓட்டுகிறான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த வீடு சித்தப்பாவுடையது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொரோனா வந்த சமயத்தில் குக்கர் விசிலைக் கழற்றிவிட்டு அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, தெருவில் போகிறவர் வருகிறவர் மூக்கிலெல்லாம் ஆவி காட்டினார். எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. அது தன்னால்தான் என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்பார்கள். எங்கள் தெருவில் குழாய் எடுத்தவர் டாக்டர் ஆகிவிட்டார்.

அது ஐப்பசி மழைக்காலம். பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், கூடத்தின் நடுவில் கம்பளி கூடாரம் மாதிரி நிற்கிறது. உள்ளே தம்பி மனைவியும் பிள்ளையும் இருக்கிறார்கள். வெளியே சித்தப்பா, கம்பளி ஓரத்தை முழங்காலால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை கத்துகிற கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"எடுங்க சித்தப்பா. மூக்குல சொட்டு விட்டாப் போதும், காலைல டாக்டர்ட்ட காட்டிக்கிருவோம்" என்றேன்.

"ஒனக்கு என்னாத்தா தெரியும்? ரெண்டு பெத்துப் பாத்திருந்தாத் தெரியும்" என்றார் அவர்.

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லிக் கேட்டுச் சலித்த பேச்சுத்தான். பெற்றவளைத்தான் அவர் கம்பளிக்குள் வைத்து மூடியிருந்தார், அவளுக்கு மட்டும் பேச வாய் கொடுத்தாரா? நான் குனிந்து கம்பளியைப் பிடித்து இழுத்தேன். அவர் காலை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தம்பி வீடியோ காலில் வந்தான். தினமும் வேலை முடிந்ததும் கூப்பிடுவான். எடுத்ததும் அவன் சொல்கிற முதல் வார்த்தை ஒன்று உண்டு: "அப்பா வந்துட்டேன்!" அதைக் கேட்டதும் பிள்ளை எங்கே இருந்தாலும் ஓடி வந்து போனைப் பிடுங்கிக்கொள்ளும். அன்றைக்குப் போனை எடுத்தது சித்தப்பா. தன் வைத்தியத்தை அண்ணன் மகனுக்குக் காட்ட அவருக்கு அவ்வளவு ஆசை. போனைக் கம்பளிக்கு நேராகப் பிடித்தார்.

"அப்பா வந்துட்டேன்! எங்கடா என் தங்கம்?" என்றான் தம்பி.

உள்ளே இருக்கிற பிள்ளைக்குப் போன் தெரியுமா, திரை தெரியுமா? கும்மிருட்டில் அதன் காதில் விழுந்தது அப்பன் குரல் மட்டும்தான். நிஜமாகவே வந்துவிட்டான் என்று நினைத்துவிட்டது. தாயின் மடியிலிருந்து துள்ளி எழுந்தது. வெளியே வர வழி இல்லை, கம்பளி சித்தப்பாவின் முழங்காலுக்கு அடியில் இருந்தது. தடுமாறிய கால் குண்டானை இடித்தது. குண்டான் சாய்ந்தது.

அதுவரை கேட்ட கத்தல் வேறு, அதற்குப் பிறகு கேட்டது வேறு.

நான் பிள்ளையை அள்ளிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். இடது தொடையும் முழங்காலும் செக்கச்செவேல் என்று இருந்தன. தண்ணீரைத் திறந்துவிட்டுக் காலைக் காட்டினேன். தம்பி மனைவி தன் பாதம் வெந்ததைக்கூடப் பார்க்காமல் பற்பசையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். சித்தப்பா வாசலில் நின்று கத்தினார்.

"பச்சத் தண்ணிய ஊத்தாத, கொப்புளம் போட்டுரும்! இட்லி மாவ எடுத்து அப்புத்தா!"

"கிட்ட வந்தீங்கன்னா அந்தக் குண்டான்ல இருக்க மிச்சத்த ஒங்க தலையில கவுத்திருவேன்" என்றேன். அந்த நாள் வரை அவரை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசியதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. கூடத்தில் தரையில் கிடந்த போனுக்குள் தம்பி "என்னாச்சு, என்னாச்சு" என்று மின்விசிறியைப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தான். எடுத்துப் பேச ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"ஆவி புடிக்கையில புள்ள துள்ளிருச்சுங்க. செத்த நேரம் சும்மா உக்காரல."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனூண்டு புள்ளைக்கு எதுக்குங்க ஆவி?" என்றார். சித்தப்பா தன் ஒரு வாக்கியத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிள்ளை துள்ளிவிட்டது. மறுநாள் பால் ஊற்ற வந்தவரிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார். பார்க்க வந்தவர்கள் பன்னும் ஆப்பிளும் வாங்கி வந்து, கட்டுப்போட்ட காலைப் பார்த்து உச்சுக்கொட்டி, "ஏன்டி சேட்டக்காரி, சும்மா இருக்க மாட்டியா?" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். குண்டானைத் தரையில் வைத்தவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பளியை அமுக்கிய காலைக் கேட்கவில்லை. நாலு வயதுப் பிள்ளை துள்ளாமல் நாற்பது வயதுப் பிள்ளையா துள்ளும்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றியவன் என் தம்பி. கட்டுப்போட்ட காலைப் போனில் பார்த்து அழுதான். அழுதவன் சும்மா இருந்தானா? "சொல்ற பேச்சக் கேட்டு ஆடாம உக்காந்திருந்தா இப்புடி ஆயிருக்குமாடா தங்கம்?" என்றான்.

"இனிமே துள்ள மாட்டேன்ப்பா" என்றது பிள்ளை. மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னது.

நான் போனைப் பிடுங்கினேன். "அவளயா சொல்ற? அப்பா வந்துட்டேன்னு நீ கூப்புட்டடா. நீதான் வந்துட்டன்னு அது ஓடி வரப் பாத்துச்சு. வெளிய வர வழி இல்லாம மூடி வச்சிருந்தாரு ஒன் சித்தப்பா. இனிமே அந்தப் புள்ளய ஒரு வார்த்த சொன்ன, இந்தப் போன் இந்த வீட்ல இருக்காது."

அவன் போனை வைத்துவிட்டான். தம்பி மனைவிக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. "அங்கிட்டு ஒத்தையில கெடக்குற மனுசன அழ வச்சுட்டீங்களே அண்ணி" என்றாள்.

"அழுகட்டும். அழுதாத்தானே சளி கரையும்?" என்றேன்.

புண் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. தம்பி கொஞ்ச நாள் கூப்பிடாமல் இருந்தான், பிறகு கூப்பிட ஆரம்பித்தான். இப்போதெல்லாம் "வந்துட்டேன்" என்று சொல்வதில்லை, "ஹலோ" என்கிறான். பிள்ளையும் ஓடுவதில்லை, நடந்து வருகிறது. சித்தப்பா மாறவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு கைக்குழந்தைக்குச் சளி என்று கேள்விப்பட்டு நொச்சி ஒடிக்கக் கிளம்பியவரை வழிமறித்து, தெருவே கூடும்படி சண்டை போட்டேன். எனக்குப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும்.

பிள்ளை இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறது. போன வாரம் வேலை முடிந்து வந்தேன். கட்டில் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது. கண் சிவந்திருந்தது. சட்டைக் கையின் உட்பக்கம் மூக்குச்சளி காய்ந்து மொடமொடவென்று இருந்தது. வெளியே தெரியாமல் உள்பக்கமாகத் துடைத்திருக்கிறது.

"சளி புடிச்சிருக்காடா?" என்று கேட்டேன்.

"எனக்குச் சளியே இல்ல அத்தை."

சொல்லி முடிப்பதற்குள் தும்மல் வந்துவிட்டது. தலையணையை எடுத்து முகத்தில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு அதற்குள்ளேயே தும்மியது. பிறகு மெல்ல முகத்தை எடுத்து, சித்தப்பா வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் காதோரம் வந்தது.

"அந்தத் தாத்தாவுக்குக் கேட்டிருக்குமா?"