புதுக் கண்ணோடு கொடிமலைக்கு

கண் அறுவை முடிந்து, வெளியே போய்வரலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, முதலில் எங்கே போகலாம் என்று கணவர் கேட்டார். கொடிமலைக்கு என்றேன். பிறந்ததிலிருந்து பினாங்கிலேயே கிடப்பவள் சுற்றுலாப் பயணி மாதிரி கொடிமலைக்கு ஆசைப்படுவது வேடிக்கைதான். ஆனால் எனக்குத் தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்தாக வேண்டும். புரை வளர்ந்ததிலிருந்து தூரத்தில் உள்ளதெல்லாம் பால் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. தூரப் பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று சொல்லித்தான் அறுவை செய்தார்கள். இடக்கண்ணில் பல வருடமாகப் பார்வை கிடையாது. எனக்கு இருப்பது இந்த வலக்கண் ஒன்றுதான். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர் அடுக்குமாடியில் காயும் துணி தெரியும். அதை வைத்து எந்த முடிவுக்கு வருவது?

கொடிமலை ரயிலைச் சரிவில் கம்பிவடம்தான் இழுத்து மேலே கொண்டுபோகிறது. நாங்கள் கண்ணாடியோரம் இடம் பிடித்தோம். இந்த மனிதரோடு எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் வழிகாட்டி வேலை பார்ப்பார்.

பாதி ஏறியதும் மரங்கள் மறைந்தன. எங்கும் வெள்ளை. பனியாகத்தான் இருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொள்வதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார்.

"அதோ பாரு, பாலம். இந்தப் பக்கம் பட்டர்வொர்த் துறைமுகத்துக் கிரேன் எல்லாம்."

அவருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் இது பனியில்லை. பக்கத்தில் நின்றவரின் சட்டைப் பொத்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கிட்டத்துப் பார்வை முன்பும் ஓரளவு இருந்ததுதானே. இனி பஸ் எண் பார்க்க, கோயில் கூட்டத்தில் இவரைத் தேட, எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கண்தானா? அறுவை மேசையில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அப்போது எதிரே நின்ற மலாய்ப் பெண் கைப்பேசியை இறக்கிக்கொண்டு, "தா நம்பாக் அப்பா பூன்" என்று தோழியிடம் அலுத்துக்கொண்டாள். ஒன்றுமே தெரியவில்லையாம்!

போன உயிர் திரும்பியது. கூடவே கோபமும் வந்தது.

"என்னங்க வெளையாட்டு இது? இந்தப் பனியில பாலம் எங்க இருக்கு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பனியா போட்டிருக்கு?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"எனக்கு எப்பவும் இப்படித்தான்லா இருக்கு. பாலம் அங்கதானே இருக்கும், அதான் காட்டினேன்."

"இந்தக் கண்ண வச்சுக்கிட்டா அடிவாரம் வரைக்கும் காடி ஓட்டிட்டு வந்தீங்க?" நான் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"கத்தாதம்மா. ஒனக்கு இருக்கிறது ஒரு கண்ணு. அது மொதல்ல சரியாவட்டும்னு இருந்தேன்."

வீட்டில் ஊசி கீழே விழுந்தாலும் எனக்குத் தெரியாமல் போகாது என்று பெருமை பேசுகிறவள் நான். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேலே போய் வெகுநேரம் கழித்துத்தான் பனி விலகியது. கடலின் மேல் பாலம் முழு நீளத்துக்கும் பளிச்சென்று கிடந்தது. அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "தெரியுதாம்மா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"தெரியுது" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.