மஞ்சள் வைக்க விடாத வக்கீல்

ரங்கூனில் போட்டாதாங் துறைமுகத்தில் நான் சோற்றுக்கடை வைத்திருந்தபோது, கப்பலில் வந்த பாலஸ்தீனத்து வக்கீல் ஒருவர் கொஞ்ச நாள் அங்கே சாப்பிட்டார். நெட்டையான ஆள், கசங்காத கோட்டு. பலகையில் உட்காரும் முன், “இது யார் இடம்?” என்று அவர் பேச்சுத் தெரிந்த பக்கத்துக் கடை பாயை விட்டுக் கேட்பார்.

ஒரு நாள், வேலைக்குப் போகாமல் நின்ற எங்கள் கூலி ஆட்களைப் போலீஸ் மண்டை பிளக்க அடித்தது. குறுக்கே போன வக்கீலுக்கும் நெற்றி கிழிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். அதனால் அடிபட்டவர்கள் என் கடைக்குத்தான் வருவார்கள். அன்று அடிபட்டு வந்த என் புருஷனின் மண்டையைக் கழுவி மஞ்சள் பற்றுப் போட ஆரம்பித்தேன். வக்கீல் கத்தினார்.

“கழுவாதேங்கிறாரு தங்கச்சி. ரத்தத்தோட மாஜிஸ்திரேட் முன்னால நிக்கணுமாம்,” என்றார் பாய்.

“இவரு செத்துட்டா மாஜிஸ்திரேட்டா வந்து எனக்குத் தாலி கட்டுவான்? கேளுங்க பாய்!”

பாய் கேட்டார். வக்கீல் சிரிக்காமல் சொன்ன பதிலைப் பாய் திருப்பிச் சொன்னார்.

“அவுங்க நாட்டை அவுங்களைக் கேக்காமலே அடுத்தவனுக்குத் தர்றேன்னதும் இதே வெள்ளைக்காரன்தானாம். எதுத்துக் கேட்டு அடிபட்டு, வீட்டுல கழுவிக்கிட்டாங்களாம். இப்ப அடிக்கவே இல்லைங்கிறானாம்.”

அவர் நெற்றிக்கு மஞ்சளோடு போனேன். கையை விலக்கிவிட்டு, சட்டையெல்லாம் ரத்தம் வழியக் கோர்ட்டுக்கு நடந்தார்.

என் புருஷன் பிழைத்தார். அடித்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கைமருந்தை வேண்டாமென்ற ஒரே ஆள் அந்த வக்கீல்தான். நான் ரோஷக்காரி, ஆனாலும் அவர்மேல் இன்றுவரை கோபம் வரவில்லை. ஏனென்றுதான் தெரியவில்லை.