தட்டிக்கு வெளியே பாடியவர்

அந்த ஹார்மோனியப் பெட்டியைத் திறந்தாலே வெற்றிலை எச்சில் வாடை குப்பென்று அடிக்கும். அதன் சொந்தக்காரர் வாய் நிறையக் குதப்பிக்கொண்டே பாடுவார். கட்டைகளின் மேல் சிவப்புச் சிவப்பாய்த் தெறிக்கும். தோளில் கிடக்கும் துண்டால் அதைத் துடைத்து, அதே துண்டால் முகத்தையும் துடைத்துக்கொள்வார். சீ, இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. ராசிபுரத்தில் எங்கள் நெசவுக்காரத் தெருப் பஜனைக் கோஷ்டிக்கு அந்த மனுஷர்தான் தலைவர். பாட வராது, தாளம் நிற்காது, ஆனால் பெட்டி அவருடையது. ஊரே அவரைப் "பெட்டிக்காரர்" என்றுதான் சொல்லும்.

நான் பிறப்பதற்கு முன்பு, மழை பொய்த்த ஒரு வருஷம், ஆறேழு பேர் தறியை நிறுத்திவிட்டுக் கோயில் வாசலில் உட்கார்ந்து பாடியதில் தொடங்கியதாம் கோஷ்டி. மழை வந்ததோ இல்லையோ, பாட்டு நிலைத்துவிட்டது. எனக்கு விவரம் தெரிந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சனிக்கிழமைதோறும் முப்பது நாற்பது பேர் கூடுவார்கள்; பாவாடை கட்டிய சிறுமிகள் நாங்கள் நாலு பேர் முன்வரிசை. "நம்ம கோஷ்டியாட்ட இந்த ஜில்லாவுலயே கெடையாதுங்க" என்று பெரியவர்கள் மார்தட்டுவார்கள்.

அப்படித் தட்டிக்கொள்ள வைத்தது என் அப்பாவின் குரல். பெட்டி ஒரு பக்கம் இழுக்க, கூட்டம் ஒரு பக்கம் இழுக்க, அப்பா ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்துக் கொடுத்தால் அத்தனை தொண்டையும் அந்தச் சுருதியில் வந்து சேர்ந்துவிடும். அவர் சாயக்காரர். தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டுப் புளிக்க வைத்த நீலத் தாழியில் நாள் முழுதும் நூலை முக்கி எடுப்பவர். முழங்கை வரைக்கும் நீலம், உடம்பெல்லாம் அழுகின வாடை. அவர் சோறு பிசையும்போது நான் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்துகொள்வேன். ஊரில் அவருக்கென்று இருந்த மரியாதை அந்தப் பாட்டு ஒன்றுதான்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, சேந்தமங்கலத்துப் பக்கம் ஜமீன் மாதிரி நிலபுலமுள்ள ஒரு மிட்டாதார் வீட்டுக் கல்யாணத்தில் பாடக் கூப்பிட்டார்கள். அப்பா மூன்று நாள் தாழிப் பக்கமே போகாமல், புளியும் செங்கல் தூளும் போட்டுக் கையைத் தேய்த்தார். தோல் உரிந்து ரத்தம் கசிந்ததே தவிர, நகக்கண்ணில் இருந்த நீலம் போகவில்லை. கல்யாணப் பந்தலுக்குள் நுழையும்போது பெட்டிக்காரர் அவரை நிறுத்தினார்.

"ஏனுங்க சாயக்காரரே, தப்பா நெனைக்காதீங்க. பெரிய மனுசங்க உக்கார்ற எடம். நீங்க அந்தத் தட்டிக்கு அந்தாண்ட நின்னு பாடுங்க, சத்தம் உள்ளார வந்துருமுங்க."

கோஷ்டியில் ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை. நாற்பது பக்தர்கள்! அப்பா "சரிங்க" என்று சொல்லிவிட்டு, எச்சில் இலைகளைக் கொட்டுகிற இடத்தில், இலைக்கு அடித்துக்கொள்ளும் நாய்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அங்கிருந்துதான் பாடினார். அன்றைக்குப் பாடின மாதிரி அவர் என்றைக்கும் பாடியதில்லை.

பாட்டு முடிந்ததும் மிட்டாதார் சம்சாரம், உள்ளே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் பக்கம் குனிந்து, "ஏ அம்மிணி, வெளிய நின்னு பாடுனது ஆரு?" என்று கேட்டாள். அவள் மேலெல்லாம் தாழம்பூவும் சந்தனமும் மணத்தது. பெட்டிக்காரர் என்னை முறைத்தார் என்று பழியை அவர்மேல் போட்டுவிடலாம். ஆனால் அந்த ஆள் வெற்றிலை மடிப்பதில் முனைப்பாக இருந்தார். நானேதான் சொன்னேன்: "தெரியாதுங்க. கூலிக்கு வந்த ஆளுங்க."

ஒரு கீற்றுத் தட்டிதான் நடுவில். அப்பாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. திரும்பி வரும்போது வண்டியில் "சாப்புட்டயா சாமி?" என்று மட்டும் கேட்டார். அவர் சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. நான் மனுஷ ஜென்மம்தானா என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அடுத்த சனிக்கிழமை அப்பா பஜனைக்குப் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் "தொண்டை கட்டியிருக்குதுங்க" என்றார். பிறகு யாரும் கூப்பிடவும் வரவில்லை. அவர் இல்லாமல் பெட்டி ஒரு பக்கமும் கூட்டம் ஒரு பக்கமுமாகக் கத்தித் தீர்த்தார்கள். கேட்கச் சகிக்காமல் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, அடுத்த வருஷத்துக்குள் கோஷ்டி கலைந்துவிட்டது. அப்பா தாழியடியில் தனியாகப் பாடுவது உண்டு. நான் அந்தப் பக்கம் போனால் நிறுத்திவிடுவார்.

இன்று அந்தத் தெருவில் தாழியும் இல்லை, பஜனையும் இல்லை. விசைத்தறிச் சத்தத்தில் பேசினாலே காதில் விழாது. கோஷ்டி ஏன் நின்றுபோனது என்று இளவட்டங்கள் யாராவது கேட்டால், யுத்தம் வந்தது, நூல் பஞ்சம் வந்தது, கோஷ்டி கலைந்தது என்று தெருவே ஒப்பிக்கும். இத்தனை வருஷமாக நானும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.