இருபது ரூபாய் வளையல் பெட்டி

போன வாரம் சேலைக்குக் குத்துகிற பின் வாங்கலாம் என்று காளவாசலில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குள் நுழைந்தேன். கண்ணாடி அலமாரியில் அட்டையில் செய்த ஒரு குட்டிப் பெட்டி. மூடிமேல் பஞ்சுத் தாடியோடு கிறிஸ்துமஸ் தாத்தா. விலை நானூற்றைம்பது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹேண்ட்மேட் மேடம், அம்புட்டும் கைவேலை" என்றார் கடைக்காரர். நான் சிரிப்பதை நிறுத்தாததைப் பார்த்து அவராகவே ஐம்பது ரூபாய் குறைத்தார். நான் வாங்கவில்லை. மூடியைத் திறந்து மோந்து மட்டும் பார்த்தேன். ஏதோ கெமிக்கல் வாசம். மைதாப் பசை வாசம் அடிக்காத பெட்டியைப் பெட்டி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வராது.

காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருடம் கப்பலூரில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஸ்வீட் கடைக்கும் சேலைக் கடைக்கும் பெட்டி ஒட்டுகிற வேலை. தகரக் கொட்டகைக்குள் ஒரு நீள மேசை, பன்னிரண்டு பெண்கள். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாலும் பசை வாசம் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், யாரோ தோசை மாவு கொண்டு வருவதாக நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள்.

மேசையில் எனக்கு அடுத்து ஜெயராணி அக்கா, அவருக்கு அந்தப் பக்கம் செல்வி. செல்வியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மத்தியானம் என் டிபன் பாக்ஸை அவள் சாப்பிடுவாள், அவளுடையதை நான். எங்கள் வீட்டு ரசம் அவளுக்கு உயிர். அப்படி இருந்தவளோடுதான் ஒரு கத்தரிக்கோலுக்காகச் சண்டை போட்டேன். என் சொந்தக் கத்தரிக்கோல், பதமாக வெட்டும். நான் இல்லாத நேரத்தில் அதை எடுத்துக் கட்டுக்கம்பியை நறுக்கி, அலகில் ஒரு பல் விழ வைத்துவிட்டாள்.

"கம்பி வெட்ட என் கத்தரிதான் கெடச்சுச்சா?" என்று கத்தினேன்.

"ஒரு கத்தரிக்கு இம்புட்டுப் பேச்சா? இனிமே ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன் போ" என்றாள். முழிக்க மாட்டேன் என்றவள் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள். வேறு இடம் எங்கே இருக்கிறது?

மூன்று மாதம் பேசவில்லை. பசை டப்பா வேண்டுமென்றால்கூட, "அக்கா, டப்பாவ இங்கிட்டுத் தள்ளச் சொல்லுங்க" என்பேன். "அக்கா, கை இருக்கிறவங்கள எடுத்துக்கிறச் சொல்லுங்க" என்று பதில் வரும். இதற்குள் அவளுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் நின்றுவிடுவாள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் போவதற்குள் பேசாவிட்டால் ஜென்மத்துக்கும் பேசப் போவதில்லை. ஆனாலும் நான் ஏன் முதலில் பேச வேண்டும்? வீம்பு. அதற்கு மட்டும் என்னிடம் குறைச்சலே இல்லை.

எங்களில் சர்ச்சுக்குப் போகிறவர் ஜெயராணி அக்கா ஒருவர்தான். ஆனால் கிறிஸ்துமஸ் பன்னிரண்டு பேருக்கும் உண்டு. டிசம்பர் பிறந்ததும் அக்கா பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்குவார். யார் பெயர் வருகிறதோ அவள் நமக்குக் கிறிஸ்சைல்டு, நாம் அவளுக்குக் கிறிஸ்மா. யார் என்று வெளியே சொல்லாமல் சீட்டு எழுதி வேலை ஏவலாம். மேசைமேல் ஏறிப் பாடு, இன்று முழுக்க இடது கையால் சாப்பிடு, இப்படி. சொன்னதைச் செய்தே ஆக வேண்டும். கடைசி நாளில் பரிசு. அதற்கு அக்கா போட்ட சட்டம்: இருபது ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, கையால் செய்ததாக இருக்க வேண்டும்.

அந்த வருடம் டப்பாவை முதலில் என்னிடம்தான் நீட்டினார். பிரித்தேன். செல்வி. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவளுக்கு வளையல் பைத்தியம். கண்ணாடி வளையலைத் துணியில் சுற்றிவைத்து உடைத்துக்கொண்டே இருப்பாள். சரி, வளையல் பெட்டி என்று முடிவு செய்தேன். கழிவு அட்டை சும்மா கிடைத்தது. வளையல் கோத்துவைக்க அட்டையைச் சுருட்டி இரண்டு உருளை. விளக்குத்தூண் கடைத்தெருவில் அலைந்து ஐந்து ரூபாய்க்கு ஜிகினாத்தாள், எட்டு ரூபாய்க்கு வெல்வெட் துண்டு. உள்ளே ஒட்ட என் பழைய பச்சை ரவிக்கை. பெட்டி ஒட்டுவதே தொழிலாக இருக்கிறவள், வீட்டில் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் போட மறந்தேன் பாருங்கள்! பூச்சிக்கும் எலிக்கும் பயந்து கம்பெனியில் தினமும் போடுவதுதான். காலையில் பார்த்தால் ஒரு மூலையை எலி தின்றிருந்தது. உட்கார்ந்து அழுதேன். பிறகு ஓட்டைமேல் ஒரு நட்சத்திரம் ஒட்டினேன். ஒரு மூலையில் மட்டும் இருந்தால் சந்தேகம் வரும் என்று நான்கு மூலைக்கும் ஒட்டினேன்.

நடுவில், நாலைந்து சீட்டு வெட்டி எழுதிப் போட்ட பிறகு, இன்னொரு யோசனை வந்தது. கிறிஸ்மா சொன்னால் தட்ட முடியாதல்லவா? இடது கையால் கோணல் மாணலாக எழுதிப் போட்டேன்: "நீ பேசாமல் இருக்கிற ஆளிடம் போய்த் தண்ணீர் வாங்கிக் குடி." சாப்பாட்டு நேரம் செல்வி படித்தாள், எழுந்தாள், என் பக்கம் வந்தாள். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியையே திறந்து வைத்துவிட்டேன். என்னைத் தாண்டிப் போய், மெஷின் ஓட்டுகிற அண்ணனிடம், "அண்ணே, கொஞ்சம் தண்ணி குடுங்க. ஒங்ககிட்டத்தான் நான் பேசுனதே இல்ல" என்றாள்! கொட்டகையே சிரித்தது. என் பாட்டில் தண்ணீரை நானே குடித்துத் தீர்த்தேன்.

கடைசி நாள். செல்வி பெட்டியைத் திறந்தாள். பச்சைத் துணியைத் தடவினாள். நட்சத்திரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள், பாவி.

"எலியா?" என்று நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "நாந்தான்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"மொதச் சீட்டுலயே தெரியும்டி. எல்லாச் சீட்டு ஓரத்துலயும் ஒரே எடத்துல பிசிறு. அந்தக் கத்தரியக் கெடுத்தவளே நாந்தானே, எனக்குத் தெரியாதா?"

"பெறகு ஏண்டி அன்னைக்கு எங்கிட்டத் தண்ணி கேக்கல?"

"சீட்டுல கேட்டா போதுமா? நீ வாயத் தெறந்து கேப்பேன்னு பாத்தேன்."

கட்டிப்பிடித்து அழுதோம், சிரித்தோம். பசைக் கையோடு பிடித்ததில் அவள் தாவணியில் என் ஐந்து விரலும் பதிந்தன. கல்யாணப் பத்திரிகையை அவள் பையிலிருந்து எடுத்தாள். என் பெயர் எழுதியே வைத்திருந்தாள்.

திருமங்கலத்தில் கல்யாணப் பந்தியில் ஜெயராணி அக்கா அப்பளத்தை நொறுக்கியபடி என் காதைக் கடித்தார். "அன்னைக்கு ஒனக்கு நீட்டுன டப்பாவுல அம்புட்டுச் சீட்டும் செல்வி பேருதான். நீ எடுத்தப்பறம் வேற டப்பாவ மாத்திட்டேன்."

"அக்கா! கள்ளச்சீட்டா?"

"பெறகு? மூணு மாசமா பசை டப்பாவத் தள்ளித் தள்ளி ஏங் கை விட்டுப்போச்சு. கர்த்தர் மன்னிப்பாரு, நீ பாயசத்தக் குடி."

செல்வி இன்றும் திருப்பூரிலிருந்து போன் போட்டால் ஒரு மணி நேரம் வைக்க மாட்டாள். கம்பெனி மூடிவிட்டது. அக்கா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு நின்று மூன்று வருடம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் நாகரிகமானவர்கள், "அது அவங்களுக்குள்ள உள்ளது, நாம எதுக்கு" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். உரிமையோடு நடுவில் புகுந்து, கூசாமல் ஒரு கள்ளச்சீட்டுப் போட, இப்போது யாரும் இல்லை.